தோழமையும் சொல்லாத செய்தியும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் கொண்டு ஆரம்பம் செய்கின்றேன்.

 

வடபுலத்து இளைஞர்கள் வெவ்வேறு சொற்களில் கேட்டு வரும் கேள்வி ஒன்றுண்டு. உற்ற தோழன் ஒருவன் இருக்கின்றான். அவனோடு சேர்ந்து உண்கின்றோம், உழைக்கின்றோம், நோயுற்றால் அவனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்கின்றான். ஆயினும் நம்மைப் பற்றிய ஒரு செய்தியை மட்டும் அவனிடம் சொல்லாமல் வைத்திருக்கின்றோம். இது நயவஞ்சகத்தில் சேருமா? அவன் நம்மீது வைத்த அன்புக்கு நாம் செய்யும் மோசமா? இக்கேள்வியைக் கேட்போரின் முகத்தில் ஒரு குற்றவுணர்வு தெரிகின்றது. அந்தக் குற்றவுணர்வு நியாயமானதா என்பதை மார்க்கத்தின் ஒளியில் ஆராய்வதே இன்றைய சிந்தனையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். முனாஃபிக் எனப்படுபவன், உள்ளத்தில் நிராகரிப்பை வைத்துக்கொண்டு நாவினால் ஈமானைக் காட்டி, தன்னை நம்பியவர்களுக்கே கேடு சூழ்ந்தவன். அவனுடைய அடையாளங்கள் மூன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் காண்கின்றோம்: பேசினால் பொய்யுரைப்பது, வாக்களித்தால் மாறுவது, நம்பி ஒப்படைத்ததில் மோசம் செய்வது. இம்மூன்றும் பிறனுக்கு எதிராகச் செய்யப்படும் செயல்கள். பேசாதிருத்தல் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாறாக, நம்பிச் சொல்லப்பட்ட இரகசியத்தை வெளியிடுவது மூன்றாவது அடையாளத்தின் கீழ் வந்து விடுகின்றது. ஆகவே அஞ்ச வேண்டியவன், தன் செய்தியைத் தன்னோடு வைத்திருப்பவனல்லன். பிறன் செய்தியைச் சந்தியில் வைப்பவனே.

இதனை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆந் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலங்களுக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டார்கள். அதே மாதத்தில் சாவகச்சேரி, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் சில பகுதிகள் என வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். அம்மக்கள் தம் பாயையும் பானையையும் பகிர்ந்து வரவேற்றதை வரலாறு மறக்காது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. எனினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, குடிநீருக்கும் பாடசாலை அனுமதிக்கும் கூலிவேலைக்கும் போட்டி ஏற்பட்டபோது ‘அகதி’ என்னும் சொல் ஒரு பெயராகவே ஆகிவிட்டது. வகுப்பறையிலும் சந்தையிலும் அச்சொல் கேட்டது. அகதி முகாமில் பிறந்த பிள்ளைகளுள் சிலர், தம் வீடு எங்கேயென்று வகுப்புத் தோழர் கேட்கும்போது முகாமின் பெயரைச் சொல்லாது அடுத்துள்ள ஊரின் பெயரைச் சொன்னார்கள். அவர்களுடைய அடையாள அட்டையின் பின்புறத்தில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்த மூத்தவர்களுக்கோ வேறொரு தொல்லை. சோதனைச் சாவடியில் அந்த ஒரு சொல்லுக்காக வரிசையினின்று விலக்கி நிறுத்தப்பட்டார்கள். புலிகள் விரட்டிய ஊரின் பெயரே இராணுவத்தின் சந்தேகத்துக்கும் காரணமாயிற்று!

2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்த காலத்தில் ஏ9 பாதை திறக்கப்பட்டபோதும், பின்னர் 2009இல் யுத்தம் முடிவுற்ற பின்னரும், ஒரு பகுதியினர் திரும்பி வந்தனர். சோனகதெருவில் கூரையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களே பலரை வரவேற்றன. திரும்பியவர்களின் பிள்ளைகள் இன்று யாழ்ப்பாணத்தில் தொழில் செய்கின்றனர், கல்வி கற்கின்றனர். அவர்கள் பழகுவதும் தோழமை கொள்வதும் பெரும்பாலும் தமிழ்ச் சகோதரர்களுடனேதான்.

ஓர் உதாரணம் கொள்வோம். புத்தளத்தில் வளர்ந்த ஓர் இளைஞர் தொழில் நிமித்தம் யாழ்ப்பாணம் வந்து, கொழும்புத்துறையில் ஓர் அறையில் தமிழ்த் தோழர் ஒருவருடன் தங்கியிருக்கின்றார். கொழும்புத்துறை யாழ். நகரின் தென்கிழக்கு ஓரத்தில் கடனீரேரியைத் தொட்டுக் கிடக்கும் ஊர். கத்தோலிக்கக் குருமாரைப் பயிற்றும் புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடம் அங்கேதான் உள்ளது. 1964இல் மறைந்த யோகர் சுவாமிகள் நெடுங்காலம் வாழ்ந்ததும் அங்கேதான்; அவர் குருவாகக் கொண்ட செல்லப்பர், நல்லூர்த் தேரடியில் ஊரார் கண்ணுக்குப் பித்தராகத் தோன்றித் தம் அகநிலையை மறைத்தவர் எனச் சைவ மக்கள் கூறுவர். அந்நெறி நம் நெறியன்று. ஆயினும் ஒருவர் தம்முள்ளே உள்ளதையெல்லாம் ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை என்பது அவ்வூருக்குப் புதிய செய்தியன்று.

நம் இளைஞர் முஸ்லிம் என்பது அவருடைய பெயரிலேயே தெரிகின்றது. அதை அவர் மறைக்கவுமில்லை. ஆனால் தம் குடும்பம் சோனகதெருவிலிருந்து விரட்டப்பட்ட குடும்பம் என்பதை அவர் சொல்லவில்லை. ‘புத்தளம்’ என்றதோடு நிறுத்திக் கொண்டார். சொன்னால் தோழரின் முகம் வாடும். அல்லது வாதம் எழும். அல்லது, இதுவே எல்லாவற்றிலும் கடினமானது, இரக்கம் பிறக்கும். அன்று முதல் தோழமை வேறொன்றாகிவிடும் என அஞ்சுகின்றார். அந்தத் தோழருக்கும் பேசாத ஆண்டுகள் சில உண்டு. 2009 மே மாதத்துக்கு முந்திய இரண்டு ஆண்டுகளைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. யுத்தம் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்கூடாக வெளிவந்தனர். அவர்களுள் விரும்பிப் போனவரும் இருந்தனர், வீட்டுக்கொருவர் எனப் பலவந்தமாக இழுத்துச் செல்லப்பட்ட சிறு வயதினரும் இருந்தனர். வேலை கிடையாது, பெண் கிடையாது, விசாரணைக்கு வருவார்கள் என்னும் அச்சத்தால் அவர்களுள் பலர் தம் கடந்த காலத்தை அயலாருக்குச் சொல்வதில்லை. நம் இளைஞர் ஊகித்திருக்கலாம், கேட்டதில்லை. இருவரும் ஒரே அறையில் தூங்குகின்றார்கள். ஒருவரிடம் உள்ள மௌனமும் மற்றவரிடம் உள்ள மௌனமும் ஒரே யுத்தத்திலிருந்து வந்தவை.

இவர்களுடைய தோழமை பொய்யா?

அருள்மறையைப் பாருங்கள். காஃபிர் எனும் 40ஆம் அத்தியாயத்தின் 28ஆம் வசனத்தில், ஃபிர்அவ்னின் கூட்டத்தாருள் தம் ஈமானை மறைத்து வைத்திருந்த ஒரு மனிதரைப் பற்றி அல்லாஹ் பேசுகின்றான். அவருடைய பெயரையும் அல்லாஹ் கூறவில்லை. எத்தனை காலம் மறைத்திருந்தார் என்பதும் இல்லை. மறைத்தமைக்காக அவர் கண்டிக்கப்படவில்லை; விசுவாசி என்றே அழைக்கப்படுகின்றார். ஆனால் மூஸா (அலை) அவர்களைக் கொல்ல ஃபிர்அவ்ன் முடிவு செய்த அவையில் அவர் வாய் மூடியிருக்கவில்லை. எழுந்து, தம் இறைவன் அல்லாஹ் என்று சொல்வதற்காகவா ஒருவரைக் கொல்லப் போகின்றீர்கள் என்னும் பொருள்படக் கேட்டார். தம்மைக் காப்பதற்கு மௌனத்தைப் பயன்படுத்தினார். பிறர் உயிர் போகும் வேளையில் அதே மௌனத்தைக் கைவிட்டார். இந்த ஒரு வசனத்தில் இரண்டு சட்டங்களும் உள்ளன. அறபுக் கல்லூரியில் இந்த அத்தியாயத்தை ஓதிய நாட்களில் நாங்கள் அந்த மனிதரின் துணிவைப் பற்றியே பேசினோம். அவருடைய முந்திய மௌனத்தையும் அல்லாஹ் பதிவு செய்திருக்கின்றான் என்பதைப் பின்னரே ஊன்றிக் கவனித்தேன்.

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறோ இன்னும் நுட்பமானது. பஞ்ச காலத்தில் தானியம் தேடி வந்த சகோதரர்களை அவர் அறிந்து கொண்டார். அவர்கள் அவரை அறியவில்லை. தம்மைப் பற்றியே அவர்கள் அவதூறு பேசியபோதும் அதை மனத்துள் வைத்துக் கொண்டார், வெளிப்படுத்தவில்லை என 12ஆம் அத்தியாயத்தின் 77ஆம் வசனம் கூறுகின்றது. அதற்கு முன்பே 69ஆம் வசனத்தில், தம் உடன்பிறந்த தம்பியை மட்டும் தம்மருகே அழைத்து, நானே உன் சகோதரன் என்று அவரிடம் தெரிவித்து விட்டார். மற்றவர்களுக்கு 90ஆம் வசனம் வரையில் தெரியாது. ஒரே செய்தி, ஒருவருக்கு முதலில், மற்றவர்களுக்குப் பின்னர். எவருக்கு எப்போது சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை செய்திக்கு உரியவரிடமே இருந்தது. இடையில் அவர்களுக்குத் தானியம் அளந்து கொடுத்ததிலோ, அவர்கள் கொண்டுவந்த கிரயத்தைத் திரும்ப மூட்டைக்குள் வைத்ததிலோ குறைவிருக்கவில்லை.

நபித்தோழர்களின் வாழ்வில் இதற்கு அழகிய சான்றொன்று உண்டு. உமர் (ரழி) அவர்களின் மகளார் ஹஃப்ஸா (ரழி) கணவரை இழந்தபோது, அவரை மணந்து கொள்ளுமாறு உமர் (ரழி) முதலில் உஸ்மான் (ரழி) அவர்களிடம் கேட்டார்கள். அவர் சில நாட்கள் யோசித்து, இப்போது மணமுடிக்கும் எண்ணமில்லை என்று கூறினார். பின்னர் அபூபக்ர் (ரழி) அவர்களிடம் கேட்டார்கள். அவரோ ஒரு பதிலும் கூறவில்லை. மறுத்துச் சொன்னவரைவிட மௌனமாக இருந்தவர் மீதே உமர் (ரழி) அவர்களுக்குக் கூடிய மனவருத்தம் உண்டாயிற்று. சில நாட்கள் கழிந்து நபி (ஸல்) அவர்கள் ஹஃப்ஸாவை மணந்தார்கள். அதன்பின் அபூபக்ர் (ரழி) தாமாகவே உமரைச் சந்தித்து, என்மீது வருத்தம் கொண்டிருப்பீரே என வினவி, நபி (ஸல்) அவர்கள் ஹஃப்ஸாவைப் பற்றிப் பேசியதைத் தாம் அறிந்திருந்ததாகவும், அவர்களின் இரகசியத்தை வெளியிட விரும்பாமையே தம் மௌனத்துக்குக் காரணமெனவும் விளக்கினார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. நேயர்களே, இவ்விருவரினும் நெருங்கிய தோழர்களை இந்த உம்மத் கண்டதில்லை. அவர்களிடையேயும் சொல்ல முடியாத ஒன்று இருந்தது. அதனால் மனத்தாங்கலும் வந்தது. ஆனால் அபூபக்ர் (ரழி) அவர்கள் மௌனத்துக்குப் பதிலாக ஒரு பொய்க் காரணத்தைச் சொல்லவில்லை. ‘எனக்கு வசதியில்லை’, ‘வேறு யோசனை உண்டு’ என எளிதாகச் சொல்லியிருக்கலாம். உமரின் மனவருத்தமும் அப்போதே தணிந்திருக்கும். தோழரின் கோபத்தைச் சுமந்தார்களேயன்றிப் பொய்யைச் சுமக்கவில்லை.

இங்கேதான் நம் இளைஞர்கள் வழுக்கி விழுகின்றார்கள். சொல்லாதிருத்தல் ஆகும், பொய் கூறல் ஆகாது. தமிழ்த் தோழர் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி ஆக்கி அழைக்கின்றார்கள். இவர் ஒருமுறை வயிறு சரியில்லை என்கின்றார்; மறுமுறை தாயார் விரதம் இருக்கச் சொன்னதாகக் கூறுகின்றார்; மூன்றாம் முறை வரவே மாட்டார். அந்த வீட்டுத் தாயார் தம் சமையலில் என்ன குறையோ என்று வருந்துகின்றார். எங்களுக்கு அறுப்பதில் ஒரு முறையுண்டு, மரக்கறி போதும் அம்மா என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் தீர்ந்த விடயம். யாழ்ப்பாணத்துத் தமிழ் வீடுகளுக்கு இது புதியதுமன்று. முஸ்லிம் விருந்தினர் வருகின்றாரென்றால் சோனகதெருக் கடையிலே இறைச்சி வாங்கி வைக்கும் வீடுகள் இருக்கின்றன. மறைக்க வேண்டாததை மறைத்து, அதற்காகப் பொய்யும் சொல்வது இரட்டை நட்டமாகும்.

பொய்யின்றி மறைப்பது எவ்வாறென்பதற்கும் அபூபக்ர் (ரழி) அவர்களே வழிகாட்டி. 622ஆம் ஆண்டு ஹிஜ்ரத் பயணத்தின்போது வழியில் கண்டவர்கள் அவரிடம், உம்மோடு வருபவர் யாரெனக் கேட்டனர். நபி (ஸல்) அவர்களின் உயிருக்கு விலை கூறப்பட்டிருந்த வேளை அது. இவர் எனக்கு வழிகாட்டுபவர் என்றார்கள். கேட்டவர்கள் பாலைவனப் பாதையை எண்ணிக் கொண்டார்கள். கூறியவரோ நன்மையின் பாதையைக் கருதினார்கள். எனினும் இவ்வகைச் சிலேடைப் பேச்சு ஆபத்துக்கு உரியது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கடனை இழுத்தடிப்பதற்கும் மனைவியிடம் தப்புவதற்கும் இச்சம்பவத்தை ஆதாரம் காட்டுவோர் நம்முள் உண்டு. அவர்களுக்கு இதில் பங்கில்லை.

இனி, மறுபக்கத்தில் இருப்பவரின் கடமை. தோழன் ஒன்றைச் சொல்லாதிருக்கின்றான் என்று தெரிந்தால் என் செய்வது? அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் துருவி ஆராய்வதைத் தடைசெய்கின்றது. நம் நாட்டில் துருவுவது வெளிப்பார்வைக்கு உபசாரமாகவே இருக்கும். எந்த ஊர் என்பர். கொழும்புத்துறை என்றால் அதோடு விடுவதில்லை; எந்தப் பக்கம், துறையடியா, ஆச்சிரமத்தடியா, தகப்பனார் என்ன தொழில், இன்னாருக்கு என்ன உறவு என்று தொடர்ந்து, ஒருவருடைய சாதியும் சமயமும் சரித்திரமும் கைக்கு வரும்வரை ஓயார். அனுமதியின்றி வீட்டுக்குள் நுழைவதைத் தடுத்த மார்க்கம், கேள்விகளால் நுழைவதை அனுமதிக்குமா?

ஹிஜ்ரி 505இல் வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சகோதரத்துவத்தின் கடமைகளை விளக்கும் இடத்தில், நாவைக் காப்பதையும் தோழனுக்குரிய ஓர் உரிமையாகவே வைக்கின்றார்கள். தோழனைப் பாதையில் கண்டால் எங்கிருந்து வருகின்றாய், எங்கே செல்கின்றாய் என நாமாகத் தொடங்கிக் கேட்கலாகாது. சொல்வது அவனுக்குச் சங்கடமாக இருக்கலாம், அல்லது பொய் சொல்லும் நிலைக்கு அவன் தள்ளப்படலாம் என்பது அவர்கள் கருத்து. எவ்வளவு கூர்மையான பார்வை! தோழன் சொல்லும் பொய்யில் கேட்டவனுக்கும் ஒரு பங்கு வந்துவிடுகின்றது. நம் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள், புறப்பட்டுச் செல்பவரை ‘எங்கே’ என்று கேட்கத் தயங்கி, ‘துலைக்கோ’ என்று கேட்பார்கள். தூரத்துக்கோ என்பது பொருள். அவர்கள் சகுனத்துக்காக அவ்வாறு செய்தார்கள்; சகுனம் பார்த்தல் நமக்கு ஆகுமானதன்று. ஆனால் அக்கேள்விக்கு ‘ஓம், துலைக்குத்தான்’ என்று பதில் கூறி எவரும் போய்விடலாம். அந்த வசதியை அது கேட்கப்பட்டவருக்கு விட்டு வைக்கின்றது.

தோழன் ஒருநாள் தானாகவே சொன்னால்? ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தால் அச்செய்தி அமானிதம் என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஜாபிர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயிலும் அபூதாவூதிலும் உள்ளது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவர் வாய்விட்டுக் கூற வேண்டியதில்லை. அந்தத் திரும்பிப் பார்வையே போதுமானது. சிறுவராயிருந்த அனஸ் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமானதற்குக் காரணம் கேட்ட தாயாரிடம், அது இரகசியம் என்றார் அனஸ். தாயார் உம்மு ஸுலைம் (ரழி) கோபிக்கவில்லை; அவ்வாறாயின் எவரிடமும் சொல்லாதே என்று மகனுக்குத் துணை நின்றார். பல்லாண்டுகளின் பின் தம் அன்பு மாணவர் ஸாபித்திடம் இதனைக் கூறியபோது, எவருக்கேனும் சொல்வதாயிருந்தால் உமக்குத்தான் சொல்லியிருப்பேன் என்றார்கள் அனஸ் (ரழி). நேசமும் மௌனமும் ஒரே வாக்கியத்தில் அமைந்திருப்பதைப் பாருங்கள். ஸாபித்துக்கு அந்த இரகசியம் கிடைக்கவில்லை. தம் ஆசிரியரின் உள்ளத்தில் தமக்குள்ள இடம் எது என்பது கிடைத்தது.

கொழும்புத்துறை அறைக்கு மீண்டும் வருவோம். நம் இளைஞர் தம் குடும்ப வரலாற்றைச் சொன்னால், தோழர் அதனைத் தம்மீதான குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வார் என அஞ்சுகின்றார். சுமக்கும் எவரும் பிறருடைய சுமையைச் சுமப்பதில்லை என்பது அல்அன்ஆம் அத்தியாயத்தின் 164ஆம் வசனம் தரும் சட்டம். 1990இல் அந்தத் தோழர் கைக்குழந்தை, அல்லது பிறக்கவேயில்லை. இதனை இருவரும் உணர்ந்த நாளில் சொல்வது எளிதாகும். அந்நாள் வராவிடினும் நோயில் உதவிய கையும், கடனில் நின்ற பிணையும், நோன்பு காலத்தில் ஸஹருக்கு அடுப்பு மூட்டிக் கொடுத்த கரிசனையும் உண்மையானவையே.

ஆனால் மௌனத்துக்கு எல்லை உண்டு. சந்தையில் ஈரமான தானியத்தை அடியிலும் உலர்ந்ததை மேலும் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். தன் பொருளைப் பற்றி அவன் பேசாதிருந்ததும் மோசடியாயிற்று, ஏனெனில் வாங்குபவனுக்கு அதனால் நட்டம் வரும். திருமணப் பேச்சில் ஆலோசனை கேட்கப்பட்டபோது, பாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்களுக்கு, பெண் கேட்ட இருவரின் குறைகளையும் நபி (ஸல்) அவர்கள் மறைக்காமல் எடுத்துரைத்தார்கள்.

இப்போது அந்தத் தமிழ்த் தோழர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சோனகதெருப் பக்கம் ஒரு காணித்துண்டு வாங்க எண்ணுகின்றார் என்று வைத்துக் கொள்ளுங்கள். விற்பவர் வெளியேற்றத்துக்குப் பின் அதிலே குடியிருந்தவர். அதன் உண்மையான உரிமையாளர் புத்தளத்தில் வாழ்கின்றார் என்பது நம் இளைஞரின் குடும்பத்துக்குத் தெரியும். பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டு அனுபவித்த காணிக்கு அனுபவித்தவர் உரிமை கோரலாம் என்பது நாட்டின் பழைய சட்டம். ஆயினும் யுத்தத்தாலும் ஆயுதக் குழுக்களாலும் தம் காணிக்குச் செல்ல முடியாதிருந்தோருக்கு அக்காலம் எதிராகக் கணிக்கப்படாதிருக்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஆகவே அந்தக் கொள்வனவு நாளை வழக்கில் முடியலாம். தோழரின் சேமிப்பு அழியலாம். புத்தளத்திலுள்ளவரின் உரிமையும் சிக்கலாகும். இவ்விடத்தில் நம் இளைஞர் பேசியே ஆக வேண்டும். ‘உறுதியைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்’ என்று மட்டும் கூறினால், உனக்கு எப்படித் தெரியுமென்று தோழர் கேட்பார். அக்கேள்விக்குப் பதிலாக அவர் தம் வாப்பாவின் வீடு அந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.